சொந்தத்தில் பெண் எடுப்பது ஏன் குறைந்தது: பணம், படிப்பு, பிள்ளைகளின் எண்ணிக்கை

மாமன் மகள், அத்தை மகன், அக்காள் மகள் என்று சொந்தத்துக்குள்ளேயே பெண் கொடுத்துப் பெண் எடுக்கும் வழக்கம் தமிழ்நாட்டில் ஏன் இவ்வளவு குறைந்துவிட்டது, சமூகவியலில் இதற்கு என்ன விளக்கம் இருக்கிறது, மேற்கத்திய வாழ்க்கை முறையைப் பார்த்து நாம் மாறியதுதான் காரணமா என்பது கேள்வி. மேற்கத்தியத் தாக்கம் என்ற விடை கேட்பதற்கு எளிதாக இருந்தாலும் நடந்த எதையும் அது விளக்குவதில்லை என்பது என் கருத்து. இந்த வழக்கத்தை முதலில் அசைத்தவை பணமும் படிப்பும். பிள்ளைப்பேறு குறைந்தது பின்னால் வந்து, இப்போது அதன் அடித்தளத்தையே அரித்துக்கொண்டிருக்கிறது. இத்தனை மாற்றத்துக்கு நடுவிலும் சாதி எல்லை பெரும்பாலும் இருந்த இடத்திலேயே இருக்கிறது என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் படம் முழுமையாகும்.

முதலில் அளவைப் பார்த்துவிடலாம். 2019-21 காலத்தில் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையிலான மணமான பெண்களில் ஏறத்தாழ 28 விழுக்காட்டினர் இரத்த உறவில் மணந்தவர்கள். நாடு முழுவதற்குமான சராசரி 11 விழுக்காடு. பக்கத்திலுள்ள கேரளத்தில் 4 விழுக்காடுதான். ஆகவே வழக்கம் அற்றுப்போய்விட்டது என்று சொல்வதற்கில்லை. இந்த 28 விழுக்காட்டில் 1990களில் மணமானவர்களும் அடக்கம், ஒன்றுவிட்ட உறவுகளும் அடக்கம் என்பதை மறந்துவிடக் கூடாது. இன்றைக்கு வரன் தேடும் வீடுகளில் உடன்பிறந்தவர்களின் பிள்ளைகளுக்குள் சம்பந்தம் பேசுவது எவ்வளவு அரிதாகிவிட்டது என்பதை அந்த எண் முழுமையாகக் காட்டாது.

சட்டம் வந்து இதைத் தடுக்கவில்லை. 1955ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டம் தடை செய்யப்பட்ட உறவு முறைகளில் மாமன்-மருமகள் உறவையும் உடன்பிறந்தவர்களின் பிள்ளைகளையும் சேர்த்தது; ஆனால் இரு தரப்பாரின் வழக்காறும் அனுமதித்தால் அந்தத் திருமணம் செல்லும் என்று அதே சட்டத்தின் ஐந்தாம் பிரிவு விலக்கும் அளித்துவிட்டது. சுயமரியாதைத் திருமணங்களுக்குச் சட்டத் தகுதி தந்த 1967ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுத் திருத்தம் சடங்கை மாற்றியதே தவிர, யார் யாரை மணக்கலாம் என்பதில் கை வைக்கவில்லை.

வழக்கம் எதற்காக இருந்தது என்பது தெரிந்தால்தான் அது ஏன் தளர்ந்தது என்பது புரியும். மதுரைக்கு மேற்கே பிரமலைக் கள்ளர்களிடையே 1949-50 காலத்தில் களப்பணி செய்த பிரெஞ்சு மானிடவியலாளர் லூயி துய்மோன், தென்னிந்தியத் திருமணத்தை இரண்டு தனி மனிதர்களின் உறவாகப் பார்க்காமல், இரண்டு குடும்பங்களுக்கிடையே தலைமுறை தலைமுறையாகத் தொடரும் சம்பந்தமாகப் பார்த்தார். சொத்து பங்காளிகளிடையே தந்தைவழியில் இறங்குவது போல, சம்பந்தி உறவும் ஒரு சொத்தைப் போல அடுத்த தலைமுறைக்கு இறங்குகிறது என்பது அவருடைய வாதம். காது குத்தும்போது தாய்மாமன் மடியில் பிள்ளையை உட்கார வைப்பது, பெண் பெரியவளானால் தாய்மாமன் பச்சை ஓலையில் குச்சு கட்டிச் சீர் கொண்டு வருவது, மணமேடையில் அவருக்கு முதல் மரியாதை தருவது ஆகியவையெல்லாம் இந்தச் சம்பந்தத்துக்கு ஆண்டுதோறும் கட்டும் வட்டி போன்றவை. அந்தக் கணக்கில் மாமன் மகள் மீது மருமகனுக்கு இருந்தது உரிமை. அதை மீறி வெளியே பெண் எடுத்தால் அண்ணன் தங்கை உறவே அறுந்துபோகும் அளவுக்குச் சண்டை வந்தது.

இந்த ஏற்பாட்டுக்குப் பொருளாதார அடிப்படையும் இருந்தது. பெண்ணைக் கொடுத்த வீட்டிலேயே பெண் எடுத்தால் நகையும் நிலமும் இரண்டு வீடுகளுக்குள் சுற்றிக்கொண்டிருக்கும். பிராமணர் அல்லாத பல சாதிகளில் மாப்பிள்ளை வீட்டார்தான் பரிசம் போட்டார்கள்; அதுவும் பெரிய தொகையாக இருந்ததில்லை. இரு வீடுகளும் ஏறக்குறைய ஒரே நிலையில், ஒரே தொழிலில், நடந்து போகும் தொலைவில் இருந்தவரை இது தங்குதடையின்றி ஓடியது.

பொதுவாகச் சமூகவியல் பாடநூல்கள் இந்த இடத்தில் நவீனமாதல் கோட்பாட்டைக் கொண்டு வரும். தொழில்மயம் பெருகினால் வேலைக்காக இடம்பெயர வேண்டியிருக்கும், இடம்பெயர்ந்தால் உறவுக் கட்டு தளரும், கணவன் மனைவி பிள்ளைகள் என்ற சிறு குடும்பமே மையமாகும் என்று சமூகவியலாளர் டால்கட் பார்சன்ஸ் அமெரிக்காவை வைத்துச் சொன்னார். இன்னொரு சமூகவியலாளரான வில்லியம் குட் 1963இல் இதை உலகம் முழுவதற்கும் விரித்து, எல்லாச் சமூகங்களும் ஏதோ ஒரு வகையில் இந்தத் திசையில்தான் நகர்கின்றன என்றார். பாதிதான் சரி. சிறு குடும்பம் வந்தது, முறைப்பெண் உரிமை தளர்ந்தது. ஆனால் இவற்றோடு சேர்ந்தே வர வேண்டிய சுயதேர்வு வரவில்லை, பெற்றோர் பார்த்து முடிக்கும் திருமணமே இன்றும் பெரும்பான்மை. போதாக்குறைக்கு, நவீனமானால் குறைந்திருக்க வேண்டிய வரதட்சணை, நவீனமான பிறகுதான் பெருகியது. தனிமனிதத் தேர்வின் காலம் என்று பிரிட்டிஷ் சமூகவியலாளர் அந்தோணி கிடன்ஸ் போன்றவர்கள் மேற்கு ஐரோப்பிய உறவுகளை வைத்துச் சொல்லும் விளக்கமும் இங்கே அதிக தூரம் வராது.

வரதட்சணையில்தான் நூலின் முனை கிடைக்கிறது. இந்தியச் சமூகவியலாளர் எம். என். ஸ்ரீநிவாஸ் 1984இல் எழுதிய ஒரு புகழ்பெற்ற கட்டுரையில், இன்றைய வரதட்சணை பழைய சீதனத்தின் தொடர்ச்சி அன்று, பணப் பொருளாதாரமும் படிப்பும் நிரந்தரச் சம்பள வேலையும் சேர்ந்து உருவாக்கிய புதிய வழக்கம், உண்மையில் அது மணமகனுக்கான விலை என்று வாதிட்டார். ஒரு கிராமத்தில் பத்து வீட்டுப் பையன்களும் உழவர்களாக இருந்தவரை எல்லாப் பையன்களும் ஏறத்தாழ ஒன்றுதான். அவர்களில் ஒருவன் ரயில்வேயிலோ மின்வாரியத்திலோ வேலைக்குப் போனதும் அவன் தனி ரகமாகிவிடுகிறான்; அவனுக்குப் பெண் கொடுக்க வெளியிலிருந்து ஆட்கள் நகையோடும் ரொக்கத்தோடும் வருகிறார்கள். அந்த நேரத்தில் அவனுடைய தாய்மாமன், தன் மகள் இருக்கிறாள் என்று உரிமை பேசி வந்தால், அது மாப்பிள்ளை வீட்டுக்கு நட்டக் கணக்கு. உரிமைப் பெண்ணுக்கு யாரும் பேரம் பேசி வரதட்சணை வாங்க முடியாது.

மானிடவியலாளர் கரின் கபாடியா 1980களின் பிற்பகுதியில் திருச்சி மாவட்டக் கிராமம் ஒன்றில் களப்பணி செய்தபோது கண்டது ஏறத்தாழ இதைத்தான். பிராமணர் அல்லாத சாதிகளில் மேலே ஏறிய குடும்பங்கள் உறவில் மணப்பதைக் கைவிட்டு, வசதியும் படிப்பும் பார்த்துச் சம்பந்தம் செய்யத் தொடங்கியிருந்தன. பரிசம் போய் வரதட்சணை வந்துகொண்டிருந்தது. சமமானவர்களுக்குள் நடந்த திருமணம், பெண் வீட்டார் தங்களைவிட ஒரு படி மேலே மாப்பிள்ளை தேடும் திருமணமாக மாறியதுதான் இதன் உட்பொருள். முதலில் உறவை மறுத்தது மாப்பிள்ளை வீடு என்பதை இங்கே அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். பெண்கள் படித்துவிட்டதால் வந்த வினை என்று குறைப்பட்டுக்கொள்பவர்கள் இந்தக் கட்டத்தை வசதியாக மறந்துவிடுகிறார்கள்.

இதே காலத்தில் மக்கள்தொகைக் கணக்கும் பெண் வீட்டாருக்கு எதிராகத் திரும்பியிருந்தது. ஜான் கால்டுவெல்லும் (ஒப்பிலக்கணம் எழுதிய ஆயர் கால்டுவெல் அல்லர், ஆஸ்திரேலிய மக்கள்தொகையியலாளர்) அவருடைய கூட்டாளிகளும் கர்நாடகக் கிராமங்களில் ஆய்வு செய்து 1983இல் வெளியிட்ட கட்டுரை இதை விளக்குகிறது. குழந்தைச் சாவு குறைந்து மக்கள்தொகை பெருகும் காலத்தில், ஒவ்வோராண்டும் முந்தைய ஆண்டைவிட அதிகப் பிள்ளைகள் பிழைக்கிறார்கள். மாப்பிள்ளை ஐந்தாறு வயது மூத்தவனாக இருக்க வேண்டும் என்பது வழக்கமானால், 1960இல் பிறந்த பெண்களுக்கான மாப்பிள்ளைகள் 1954, 1955இல் பிறந்த, எண்ணிக்கையில் குறைந்த ஆண்களிலிருந்தே வர வேண்டும். பெண்கள் மிகுதி, மாப்பிள்ளைகள் பற்றாக்குறை. தகுந்த இடம் அமையும்வரை பெண்ணைப் படிக்க வைப்போம் என்று பெற்றோர் காத்திருந்ததில் பெண்களின் மணவயது உயர்ந்தது; மாப்பிள்ளைக்கான விலையும் உயர்ந்தது.

இரண்டாவது கட்டத்தில் மறுத்தது பெண் வீடு. 1980களின் நடுப்பகுதியில் தமிழ்நாட்டில் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளுக்குக் கதவு திறந்தது; அடுத்த இருபது ஆண்டுகளில் சிற்றூர்ப் பெண்களும் பேருந்து ஏறிக் கல்லூரிக்குப் போகத் தொடங்கினார்கள். 1989இல் தொடங்கிய மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் திருமண உதவித் திட்டம், பெண் இவ்வளவு வகுப்புவரை படித்திருந்தால்தான் திருமணத்துக்கு உதவி என்று நிபந்தனை வைத்தது. 2022இல் அதே திட்டம், அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் மாணவியருக்கு மாதம் 1000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டமாக மாற்றப்பட்டது. 2021-22ஆம் ஆண்டின் அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் சேர்க்கை விகிதம் 47 விழுக்காடு, நாட்டின் சராசரி 28.4. ஆண்களுக்கும் பெண்களுக்கும் இடையே இந்த விகிதத்தில் பெரிய வேறுபாடு இல்லை. எம்.எஸ்சி. முடித்த பெண்ணுக்கு, பன்னிரண்டாம் வகுப்போடு நின்று ஊரில் கடை வைத்திருக்கும் அத்தை மகனைக் கட்டி வைக்கப் பெற்றோருக்கே மனம் வருவதில்லை. முன்பு பையன் படித்து ஏறியபோது உறவுக்குள் ஏற்பட்ட அதே ஏற்றத்தாழ்வு, இப்போது எதிர்ப்பக்கத்திலிருந்து வருகிறது.

இங்கே மருத்துவக் காரணத்தையும் பேச வேண்டும், ஏனென்றால் பெரும்பாலோர் முதலில் சொல்வது அதைத்தான். ஆபத்து உண்மையானது. அத்தை மகன், மாமன் மகள் போன்ற உறவில் மணந்தவர்களின் பிள்ளைகளுக்கு, எந்த ஒரு மரபணுவை எடுத்துக்கொண்டாலும், தாய் தந்தை இருவரிடமிருந்தும் அதன் ஒரே படி வந்து சேரும் வாய்ப்பு பதினாறில் ஒன்று. தாய்மாமனை மணந்தால் எட்டில் ஒன்று. குடும்பத்தில் மறைந்திருக்கும் பரம்பரைக் குறைகள் வெளிப்பட இதுவே போதும். இருந்தாலும், சொந்தத்தில் செய்தால் பிள்ளை ஊனமாகப் பிறக்கும் என்ற பொதுப் பேச்சு இந்த அளவுக்குப் பரவியதற்கு அறிவியல் மட்டும் காரணம் என்று நான் நினைக்கவில்லை. உடன்பிறந்த தங்கையின் மகனுக்குப் பெண் கொடுக்க விருப்பமில்லை என்று அவள் முகத்துக்கு நேரே யார் சொல்வது? “டாக்டர் வேண்டாம்னு சொல்றாங்க, நம்ம கையில என்ன இருக்கு” என்றால் யாருக்கும் மரியாதைக் குறைவு இல்லை, போக்குவரத்தும் நிற்காது. வசதியையும் படிப்பையும் பார்த்து எடுத்த முடிவை உறவு முறியாமல் தெரிவிக்க இதைவிட நல்ல வழி கிடையாது.

இனி கணக்கு. இதைப் பொதுவான விவாதங்களில் அதிகம் பார்க்க முடிவதில்லை. ஒவ்வொரு தம்பதிக்கும் ஆறு பிள்ளைகள் பிழைக்கும் சமூகத்தை எடுத்துக்கொள்வோம். ஒரு பையனுடைய அம்மாவுக்கு உடன்பிறந்தோர் ஐந்து பேர். அவர்களில் சராசரியாக இரண்டரைப் பேர் ஆண்கள். அந்த மாமன்மார் ஒவ்வொருவருக்கும் மூன்று பெண்கள் என்றால் மாமன் மகள்கள் மட்டும் ஏழரை. அப்பா பக்கத்து அத்தைமார் வழியாக இன்னொரு ஏழரை. ஆகப் பதினைந்து முறைப்பெண்கள். எல்லோருக்கும் இரண்டே பிள்ளைகள் என்றால் இதே கணக்கில் கிடைப்பது சராசரியாக ஒரே ஒரு முறைப்பெண். நூற்றில் ஏறத்தாழ 39 பையன்களுக்கு ஒருத்திகூட இருக்க மாட்டாள். இருக்கும் ஒருத்தியும் அவனைவிட மூத்தவளாகவோ பத்து வயது இளையவளாகவோ இருந்துவிட்டால் பேச்சுக்கே இடமில்லை.

அக்காள் மகளை மணப்பதற்கு இந்தக் கணக்கு இன்னும் கடுமையானது. பதினேழு வயதில் தலைப்பிள்ளையாக ஒரு பெண்ணையும், முப்பத்திரண்டு வயதில் கடைசிப் பிள்ளையாக ஒரு பையனையும் பெறும் தாயை நினைத்துக்கொள்வோம். மூத்தவள் பதினேழில் மணமாகிப் பதினெட்டில் ஒரு பெண்ணைப் பெற்றால், அந்தக் குழந்தைக்கும் அவளுடைய கடைசித் தம்பிக்கும் மூன்று வயதுதான் வித்தியாசம். மாமனும் மருமகளும் ஒரே முற்றத்தில் சேர்ந்து விளையாடி வளர்வார்கள். இன்றைக்கு இரண்டே பிள்ளைகள், மூன்று வயது இடைவெளி, அக்காளுக்கு இருபத்தைந்தில் குழந்தை என்றால், தம்பிக்கும் அந்தக் குழந்தைக்கும் இருபத்திரண்டு வயது வித்தியாசம். யாரும் எதிர்க்காவிட்டாலும், எந்த மருத்துவரும் எச்சரிக்காவிட்டாலும், இந்த வகைத் திருமணம் தானாகவே நடக்க முடியாததாகிவிடுகிறது.

ஆனால் இந்தக் கணக்கை வைத்தே எல்லாவற்றையும் விளக்கிவிடலாம் என்று நினைத்தால் அதுவும் தவறு. தமிழ்நாட்டில் பிள்ளைப்பேறு விகிதம் ஒரு பெண்ணுக்கு இரண்டு என்ற அளவுக்கு 1990களில் இறங்கியது; ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வில் அது 1.8. அந்த 1990களில் பிறந்து இப்போது மணமேடை ஏறுபவர்களின் பெற்றோர் பெரிய குடும்பங்களில் பிறந்தவர்கள். அவர்களுக்கு உடன்பிறந்தோர் நான்கைந்து பேர் உண்டு. அதனால் இந்தத் தலைமுறைக்கு முறைப்பெண்கள் பதினைந்துக்குப் பதில் நான்கைந்து பேராவது இருக்கிறார்கள். இருந்தும் வெளியே போகிறார்கள் என்றால் அதற்குக் காரணம் பணமும் படிப்பும் செய்த வேலைதான். எண்ணிக்கையின் முழு அடி அடுத்த தலைமுறை மீது, அதாவது இரண்டு பிள்ளை வீட்டில் பிறந்தவர்களுக்குப் பிறக்கும் பிள்ளைகள் மீதுதான் விழும். அவர்களில் பலருக்குத் தாய்மாமனே இருக்க மாட்டார். காது குத்துக்கு மடி தர ஒன்றுவிட்ட மாமன்களைத் தேடும் நிலை இப்போதே பல வீடுகளில் வந்துவிட்டது.

பெண்களுக்கு இது நல்லதா கெட்டதா என்று கேட்டால் ஒரு சொல்லில் விடை கிடையாது. ஆய்வாளர்கள் டைசனும் மூரும் 1983இல் எழுதிய கட்டுரை, வட இந்தியப் பெண் முன்பின் தெரியாத தொலைதூர ஊருக்கு மருமகளாகப் போவதையும், தென்னிந்தியப் பெண் பக்கத்து ஊரில் தெரிந்த உறவுக்குள் மணமாவதையும் ஒப்பிட்டு, தெற்கில் பெண்களுக்கு ஓரளவு தன்னுரிமை இருப்பதற்கும் பிள்ளைப்பேறு குறைவாக இருப்பதற்கும் இதுவும் ஒரு காரணம் என்றது. மாமியார் என்பவர் அப்பாவின் உடன்பிறந்த அத்தையாகவே இருந்தால், கோபித்துக்கொண்டு பிறந்த வீட்டுக்கு வந்தவளைத் திருப்பி அனுப்புவதற்கு முன் அண்ணன் தங்கையைக் கேள்வி கேட்க முடிந்தது. வெளிச் சம்பந்தத்தில் அந்தக் காப்பு இல்லை, வரதட்சணைச் சுமையும் கூடுதல். உறவுத் திருமணம் தளர்ந்ததால் பெண்களின் நிலை தாழ்ந்தது என்ற கபாடியாவின் முடிவு இந்த அடிப்படையில் எழுந்ததுதான். அவர் எழுதிய காலத்துக்கு அது பொருந்தியது. இன்று பெண்ணுக்குச் சொந்தச் சம்பளம் இருக்கும் வீடுகளில் அது அப்படியே பொருந்தாது என்று நினைக்கிறேன். உரிமை என்ற பெயரில் பதினாறு வயதுப் பெண்ணை முப்பது வயதுத் தாய்மாமனுக்குக் கட்டி வைத்ததும் அதே பழைய ஏற்பாடுதான் என்பதையும் சேர்த்தே எடை போட வேண்டும்.

கடைசியாகச் சாதி. உறவு வட்டம் உடைந்தபோது பெற்றோர் தேடும் பரப்பு விரிந்தது. ஆனால் அது சாதி வேலியோடு நின்றுகொண்டது. தரகர், சாதிச் சங்க மலர், நாளிதழின் ஞாயிறு விளம்பரம், பிறகு இணையம் என்று கருவிகள் மாறின. திருமண இணையதளங்களே சாதிவாரியாகத் தனித்தனித் தளங்களை நடத்துகின்றன. தமிழ்ப் பிராமணர்களில் வாத்திமா பிரிவினரை ஆராய்ந்த மானிடவியலாளர்கள் கிறிஸ் ஃபுல்லரும் ஹரிபிரியா நரசிம்மனும் 2008இல் எழுதியது இதற்கு நல்ல விளக்கம்: அங்கே மணமக்களின் மனப்பொருத்தம், சம படிப்பு, பேசிப் பழகிச் சம்மதிப்பது எல்லாம் முக்கியமாகிவிட்டன, ஆனால் அவையனைத்தும் பெற்றோர் பார்க்கும், சாதிக்குள் நடக்கும் திருமணத்தின் உள்ளேயே இடம் பிடித்துக்கொண்டன. 2011-12இல் நாடு தழுவி நடந்த இந்திய மனிதவள மேம்பாட்டு ஆய்வில் சாதி மாறி மணந்ததாகச் சொன்ன பெண்கள் ஏறத்தாழ 5 விழுக்காடுதான். சாதி மறுப்புத் திருமணம் செய்த இணையர்மீது நடக்கும் ஆணவக் கொலைகள் அந்த வேலியின் காவல் எப்படிப்பட்டது என்பதைக் காட்டுகின்றன.

இதற்கிடையில் கால்டுவெல் விளக்கிய நெருக்கடியும் தலைகீழாகிவிட்டது. பிறப்பு குறையும் காலத்தில் மூத்த ஆண்கள் அதிகம், இளைய பெண்கள் குறைவு. இதோடு பெண் சிசுக் கொலையும் கருவிலேயே பெண்ணை அழித்ததும் சேர்ந்துகொண்டன; 2001ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் சேலம் மாவட்டத்தில் ஆறு வயதுக்குட்பட்ட 1000 ஆண் பிள்ளைகளுக்கு 851 பெண் பிள்ளைகளே இருந்தார்கள். அந்தப் பையன்கள் இப்போது பெண் தேடுகிறார்கள். முறைப்பெண் கிடைக்காதபோது தேடல் எந்தப் பக்கம் விரிகிறது என்பதற்கு 2021இல் ஒரு செய்தி வந்தது: தமிழ்நாடு பிராமணர் சங்கம், தன் சமூகத்து இளைஞர்களுக்கு இங்கே பெண் கிடைக்காததால் உத்தரப் பிரதேசத்திலும் பிகாரிலும் உள்ள பிராமணக் குடும்பங்களில் வரன் தேட ஏற்பாடு செய்யத் தொடங்கியது. மொழி வேறு, சாப்பாடு வேறு, சடங்கு வேறு. பக்கத்துத் தெருவில் வேறு சாதியில் பெண் எடுப்பதைவிட அந்தத் தொலைவைக் கடப்பது எளிதாகத் தோன்றியிருக்கிறது.